பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு தனிக் கரண்டி

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து செல்வி கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ரஷ்யாவுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப்போகும் பொறுப்பு அவளிடம் வந்திருக்கிறது.

"சார், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல எங்க சாப்பிடலாம்னு போன்ல தேடுனா கடை கடையா வருது. எல்லாத்துக்கும் நட்சத்திரம் போட்டிருக்கான். நம்ம ஆளுகள எங்க சார் கூட்டிட்டுப் போக?"

அந்த நட்சத்திரங்களைப் போட்டவர்களில் ஒருவர்கூட முழங்கால் வலியோடும் சுத்த சைவத்தோடும் நெல்லை டவுனிலிருந்து போனவராக இருக்க மாட்டார். எனக்குத் தெரிந்த கடைகளைச் சொன்னேன். சொல்லி முடித்துப் போனை வைத்த பிறகும் அந்த ஊர்ச் சாப்பாட்டு வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்த காலத்தில், கடற்கரைப் பக்கம் மின் நிலையம் கட்ட ரஷ்யப் பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்குச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணையாகப் போக மொழி தெரிந்த ஆள் தேவைப்பட்டது. சென்னையில் வகுப்புக்குப் போய் ரஷ்ய மொழி படித்துவிட்டு அந்த வேலையில் சேர்ந்தேன். முருங்கைக்காயை எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு ரஷ்ய அம்மாவுக்கு விளக்கி, அவர் சக்கையைத் துப்பிச் சிரித்த அன்று, இனி இந்த மொழியை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று தைரியம் வந்தது.

அந்த வேலையிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டவர் முத்தையா அண்ணாச்சி. காசிக்கும் பத்ரிநாத்துக்கும் பேருந்து விட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று ரஷ்யாவுக்கு ஆள் கூட்டிப் போகப்போகிறேன் என்றார். ஊரே சிரித்தது. முதல் குழு கிளம்புவதற்கு முன்னால் எங்கே தங்க, எங்கே சாப்பிட என்று பார்த்துவர நாங்கள் இரண்டு பேரும் பீட்டர்ஸ்பர்க் போனோம். வேட்டியை விட்டுவிட்டு முழுக்கால் சட்டை போட்ட அண்ணாச்சியை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு கடைக்குள் நுழைவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். "உள்ள போனதும் மெனுவப் பாக்காதீரும் வே. மொதல்ல படியப் பாரும். செங்குத்தா இருக்கா, கைப்பிடி இருக்கா? அடுத்தாப்புல கக்கூஸ். அது சரியா இருந்தா, உக்காந்து ஒரு காப்பி குடிச்சுப் பாரும். அப்புறம்தான் சோத்தப் பத்திப் பேச்சு." இருப்பதிலேயே மோசமான நாற்காலியைத் தேடி, கதவுப் பக்கம், குளிர்காற்று அடிக்கிற இடத்தில் போய் உட்காருவார். "குழுவுல யாராவது ஒருத்தருக்கு இந்த எடந்தான கெடைக்கும்" என்பார்.

மொழிபெயர்ப்புக்கும் ஒரு கட்டளை உண்டு. "நீரு குழாய் மாதிரி வே. அங்கன ஊத்துனா இங்கன வரணும். நடுவுல நீரா எதையும் சேக்கப்படாது, குறைக்கவும் படாது."

அந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்துப்போனது பிஷ்கிக் கடை. பெரிய வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பிஷ்கி என்பது மாவை வளையமாக எண்ணெயில் பொரித்து, மேலே பொடித்த சர்க்கரையைத் தூவித் தருவது. பார்க்க நம் மெதுவடைதான். உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். உயரமான மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு தின்ன வேண்டும். கை துடைக்கச் சாதாரணத் தாளைச் சதுரமாக வெட்டி வைத்திருப்பார்கள். பெரிய அண்டாவிலிருந்து பால் காப்பியைக் குழாய் திருகிப் பிடித்துத் தருவார்கள். மாவில் முட்டை உண்டா என்று நான் கேட்க, அடுப்படியில் நின்ற பெண், "மாவு, சர்க்கரை, ஈஸ்ட், எண்ணெய். வேறென்ன வேண்டும் உனக்கு?" என்று அதட்டினாள். அண்ணாச்சி ஒன்றைக் கடித்துவிட்டு, மீசையெல்லாம் வெள்ளையாக என்னைப் பார்த்தார். "நம்ம ஆளுக பொழச்சுக்கிடுவாங்க வே" என்றார்.

ஸ்டலோவயா என்று தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடைகள் உண்டு. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தால் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் இருக்கும். பீட்ரூட் கூட்டு, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு மசியல், கிரேச்கா என்ற பழுப்பு நிறத் தானியச் சோறு. 'சைவம்' என்று சொன்னால் மீனைக் காட்டுவார்கள். 'போஸ்னயெ' என்று கேட்க வேண்டும். அவர்கள் மாதா கோயில் நோன்பு நாட்களில் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு அந்தப் பெயர். கறி, முட்டை, பால் எதுவும் இருக்காது. அந்த ஒரு சொல்தான் எத்தனையோ பேரைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது. தானியச் சோற்றில் ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடியைப் போட்டுப் பிசைந்து, "கேப்பைக்கும் கோதம்பைக்கும் நடுவுல ஒரு ருசி" என்று தீர்ப்புச் சொன்னார் ஒரு அம்பாசமுத்திரத்துக்காரர்.

ஜார்ஜியாக்காரர்கள் நடத்தும் கடைகளில் காரம் கிடைக்கும். சிவப்புக் காராமணி போன்ற பயற்றை மண்சட்டியில் வேகவைத்துத் தருவார்கள். கத்திரிக்காயை வதக்கி அக்ரூட் பருப்பு அரைத்துத் தடவிச் சுருட்டியிருப்பார்கள். அந்தக் கடைகளில் எங்கள் குழு சத்தமாகப் பேசலாம், சமையல்காரரைக் கூப்பிட்டுக் கைகொடுக்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மே மாதத்தில்கூட அங்கே கோட்டு வேண்டும். நல்ல கடைகளில் வாசலிலேயே கோட்டை வாங்கி மாட்டிவைக்க ஓர் ஆள் இருப்பார். கோட்டின் கழுத்தில் மாட்டுகிற நாடா இல்லாவிட்டால் வசவு விழும். அதனால் குழு கிளம்புமுன் அலுவலகத்தில் எல்லாருடைய கோட்டையும் புரட்டிப் பார்த்து, நாடா இல்லாததற்குத் தைத்துக் கொடுப்போம்.

இப்படியே பல வருஷங்கள் போயின. நான் சொல்ல வந்தது நெல்லையப்பன் சாரும் காந்திமதி அக்காவும் வந்த குழுவைப் பற்றி.

அவர்கள் ஆழ்வார்குறிச்சி. சார் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தார்கள். அரண்மனைகளைப் பார்க்கும்போது எல்லாரும் கூரையைப் பார்க்க, அக்கா சன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு நாள் குழுவுக்கு ஓய்வு. அன்று காலை சாப்பிடும்போது சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எங்க மகன் சங்கரன் இந்த ஊர்லதான் டாக்டருக்குப் படிச்சான். மூணு வருஷத்துக்கு முன்னால, நாலாவது வருஷம் முடிச்சு லீவுக்கு வந்த எடத்துல டெங்கு. ஒரு வாரங்கூட இல்ல. போயிட்டான்."

அக்காவும் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

தொடர்ந்து அவர்தான் பேசினார். "இங்கன ஒரு அம்மா அவனுக்குச் சோறு போட்டிருக்கா தம்பி. போன் பேசும்போதெல்லாம் அவளப் பத்தித்தான் சொல்லுவான். அவளப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகணும். அதுக்குத்தான் வந்தோம். மத்தபடி இந்த அரண்மனையெல்லாம் எனக்கு எதுக்கு?"

கடையின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. மகன் போனில் சொன்ன துணுக்குகள்தான் தெரியும். டிராம் திரும்புகிற இடம். படியிறங்கிப் போக வேண்டும். உள்ளே உட்கார்ந்தால் சன்னலில் தெருவில் நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அந்த அம்மா அவனைச் சாஷா என்று கூப்பிடுவாள்.

பீட்டர்ஸ்பர்க்கில் பாதிக் கடைகள் அப்படிப் பாதி நிலத்துக்குள்தான் இருக்கும். முத்தையா அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "போயிட்டு வாரும். மத்தவங்கள உள்ளூர் வழிகாட்டி பாத்துக்கிடட்டும்" என்றார்.

மருத்துவக் கல்லூரிப் பக்கம் டிராம் திரும்பும் இடத்தில் இறங்கி, சன்னல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். முதலில் இறங்கிய இடம் முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட அப்பங்கள் விற்கிற கடை. அங்கே இருந்தவளுக்குச் சாஷா என்ற இந்தியனைத் தெரியவில்லை. அடுத்த படிகளைக் கைப்பிடியைப் பிடித்துப் பைய இறங்கினோம். அது இளவட்டங்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிற காப்பிக் கடை. சார் நேராகச் சன்னல் பக்கம் போனார். வெளியே ஈரமான நடைபாதையில் கால்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு குழந்தையின் சிவப்பு ரப்பர் காலணி, ஒரு கைத்தடி, ஒரு நாய்.

"காந்திமதி, இதுதான்" என்றார்.

காப்பி போடும் பையனைக் கேட்டேன். முன்பு இங்கே ஸ்டலோவயாதான் இருந்ததாம். சங்கரன் லீவுக்கு ஊருக்குப் போன அந்தக் கோடையில்தான் அதை மூடியிருக்கிறார்கள். அதில் சமைத்த கலீனா இவானவ்னா இப்போது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வேறொரு ஸ்டலோவயாவில் இருப்பதாகச் சொன்னான்.

போனோம். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட, கனத்த உடம்புக்காரி ஒருத்தி கரண்டியோடு நின்றிருந்தாள். அக்கா கைப்பையிலிருந்து மகன் படத்தை எடுத்துக் காட்டினார். கலீனா பார்த்தாள். கரண்டி கையிலிருந்து தட்டில் விழுந்தது. "சாஷா!" என்று அவள் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். வெளியே ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

எங்களை உட்காரவைத்துவிட்டு மூச்சுவிடாமல் பேசினாள். நான் அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் குளிர்காலத்தில் அவன் ரொட்டியும் தேநீரும் மட்டும் வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். ஏன் என்று கேட்டதற்கு, எல்லாப் பாத்திரத்திலும் கறிக் கரண்டியைப் போடுகிறீர்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அன்றிலிருந்து அவனுக்கென்று ஒரு கரண்டி தனியாக வைத்தாள். அதைக் கறிப் பாத்திரத்தின் பக்கமே யாரும் கொண்டுபோகக் கூடாது என்று அடுப்படியில் சண்டை போட்டிருக்கிறாள்.

"தனிக் கரண்டியா?" என்று கேட்டார் அக்கா. "எம் பிள்ளைக்குன்னு தனிக் கரண்டி வச்சிருந்தாளா?"

ஆமாம் என்றேன். அக்கா கலீனாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போதுதான் கலீனா அதைக் கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "இப்போது எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான்? கடை மூடியதால் அவனிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. படிப்பை முடித்துவிட்டான் அல்லவா? டாக்டர்தானே?"

அவளுக்குத் தெரியாது. அவர்கள் இரண்டு பேரும் அதை யோசித்திருக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கேள்வியைத் தமிழில் சொன்னேன். சார் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கலீனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரா இருக்கான்னு சொல்லுங்க தம்பி" என்றார். "திருநெல்வேலியில பெரிய ஆஸ்பத்திரியில."

சொன்னேன். கலீனா அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள். "கேட்டீர்களா? என் சாஷா டாக்டர்! நான் சொன்னேனா இல்லையா?" உள்ளேயிருந்து பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். காளான் போட்ட கிரேச்கா வந்தது, பீட்ரூட் வந்தது, பழச்சாறு வந்தது. நோயாளிகளிடம் கோபப்படுகிறானா, நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கோபமே வராது. ராத்திரி லேட்டாத்தான் வருவான். இன்னும் கல்யாணம் ஆகல, பொண்ணு பாக்குதோம்.

வெளியே வந்ததும் சார், "என்ன காந்திமதி இப்பிடிச் சொல்லிட்டே?" என்றார்.

"அந்த மொகத்தப் பாத்துட்டு எப்பிடிங்க சொல்லுவேன்? அவகிட்டயாவது அவன் இருந்துட்டுப் போட்டும்."

ஊருக்கு வந்து அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். "காந்திமதி அம்மா சொன்னதத்தான வே சொன்னீரு? அப்பம் சரி" என்றார்.

அடுத்த வருஷம் நான் குழுவோடு கிளம்புவதற்கு முன்னால் அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, கலீனாம்மா கேப்பா. அவனுக்குக் கல்யாணம் ஆயிட்டுன்னு சொல்லுங்க. பொண்ணு களக்காடு. நல்ல நெறம்." நான் சொன்னேன். கலீனா கைதட்டினாள். அதற்கடுத்த வருஷம், "பொம்பளப் பிள்ள பொறந்திருக்குன்னு சொல்லுங்க." அதையும் சொன்னேன். நான் ஊர் திரும்பும் நாளன்று கலீனா ஓட்டலுக்கே வந்து ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தாள். குழந்தைக்கு அவளே பின்னிய கம்பளிக் காலுறைகள், மஞ்சள் நிறம். ஆழ்வார்குறிச்சிக்குப் போய்க் கொடுத்தேன். அக்கா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

பிறகு கொரோனா வந்தது. அது முடிந்தும், போர் வந்ததால் ரஷ்யப் பயணம் உடனே கூடிவரவில்லை. மறுபடி போக முடிந்தபோது வளைகுடா வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தக் குழுதான் என் கடைசிக் குழு. கிளம்புமுன் நானே ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். அக்கா அந்தக் காலுறைகளை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"அவகிட்டயே குடுத்திருங்க தம்பி. எனக்குப் பயமா இருக்கு. பிள்ளைக்கு இப்பம் என்ன வயசிருக்கும், பேச்சு வந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு நா பள்ளிக்கூட வேன் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிட்டேன். யாரக் கூப்பிட ஓடுனேன், சொல்லுங்க?"

சார் பக்கத்தில் நின்று அக்கா தோளைத் தொட்டார்.

"உள்ளதச் சொல்லிருங்க. அவளும் அவனுக்குச் சோறு போட்டவ. அவன நெனச்சு அழ அவளுக்கும் பாத்தியத உண்டு."

என் வேலையில் அதைவிடக் கனமான சுமையை நான் கொண்டுபோனதில்லை. மதியக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் போனேன். கலீனாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. காலுறைகளை மேஜைமேல் வைத்தேன். எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கால் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"போடவே இல்லையே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "குழந்தை இல்லையா?"

"குழந்தை இல்லை, கலீனா இவானவ்னா. கல்யாணமும் இல்லை." எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், லீவு, அந்தக் கோடை.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அப்படியானால் அவர்கள் இங்கே வந்தபோதே அவன் இல்லை."

"இல்லை."

"அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாளே" என்றாள். பிறகு அழுதாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பெண் ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஒவ்வொரு குளிர்காலத்திலும் உங்கள் நாட்டுப் பிள்ளைகள் புதிதாக வருகிறார்கள். அழுகிறார்கள். ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்கிறார்கள். நான் அவர்களிடம் சாஷாவைப் பற்றிச் சொல்வேன். அவனும் அந்த மூலையில் உட்கார்ந்து அழுதவன்தான், இன்று பெரிய டாக்டர், மனைவி, குழந்தை என்று. கேட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். இனி என்ன சொல்வேன்? அவன் அம்மாவைக் கேட்டுச் சொல்."

அங்கேயே ஆழ்வார்குறிச்சிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். சார் எடுத்தார், அக்காவிடம் கொடுத்தார். இரண்டு பெண்களும் திரையில் ஒருவரையொருவர் பார்த்து, பேச்சே இல்லாமல் அழுதார்கள். அதில் எனக்கு வேலை இருக்கவில்லை. அடங்கிய பிறகு கலீனாவின் கேள்வியைச் சொன்னேன்.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க தம்பி. நமக்குள்ள உள்ளது நமக்குத் தெரியும், அது போதும். அந்தப் பிள்ளைகளுக்கு அவன் டாக்டராவே இருக்கட்டும். அவுக பசியாறட்டும்."

ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன். கலீனா திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், காலுறைகளைப் பையில் போட்டுக்கொண்டாள். அதற்குள் வகுப்பு முடிந்து மாணவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவள் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றாள். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.